பகட்டுக்கு யார் விலை தருகிறார்கள்?

கையில் இருக்கும் செல்வத்தை அனுபவித்தால் போதாதா? அதை நாலு பேர் பார்க்கவும் வேண்டுமா? வசதியான வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்து இன்று அடிக்கடி எழுப்பப்படும் கேள்வி இது. குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் அங்கிருந்து வரும் ரீல்ஸில் இதற்கான காட்சிகள் தவறாமல் கிடைக்கும். ஐந்தருவிச் சாலையில் மெல்ல ஊர்ந்து வரும் பெரிய கார், மேற்கூரைத் திறப்பில் கைவிரித்து நிற்கும் இளைஞர், ஸ்டியரிங்கின் மேல் கைக்கடிகாரம் தெரியும்படி வைத்த கை, பின்னணியில் ஒரு மாஸ் பாட்டு. விலையை யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. காரின் முகப்பில் இருக்கும் முத்திரையே அதைச் சொல்லிவிடுகிறது.

‘சீன் போடுகிறான்’ என்று ஒரு தரப்பும் ‘அவன் காசு, அவன் காட்டுகிறான்’ என்று மறு தரப்பும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஆனால் செல்பேசி வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கேள்விக்கு அறநூல்களும் புலவர்களும் விடை சொல்லியிருக்கிறார்கள். பின்னர் பொருளியலாளர்களும் சமூகவியலாளர்களும் அரசுகளும் தத்தம் விடைகளைச் சேர்த்தார்கள். அவற்றில் முதன்மையானவற்றையும் அவற்றின் பலவீனங்களையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

அறநூல்களின் விடை

முதல் விடை கண்டனம். நாலடியார் செல்வம் நிலையாமையில்தான் தொடங்குகிறது. திருக்குறளின் ‘பெருமை’ அதிகாரம், பணிவைப் பெரியோர் இயல்பாகவும் தன்னைத் தானே வியந்து புனைந்துகொள்வதைச் சிறியோர் இயல்பாகவும் வைக்கிறது. பகட்டு என்பது உள்ளே இல்லாததை வெளியே ஈடுகட்டும் முயற்சி என்று இன்றைய மேடைப் பேச்சாளர் சொல்வதும் ஏறத்தாழ இதையேதான்.

ஆனால் செல்வத்தைப் பற்றிப் பேசும்போது அறநூல்களின் கடுஞ்சொல் பெரிதும் வேறொருவர் மேல் விழுகிறது. குறளின் ‘நன்றியில் செல்வம்’ அதிகாரம் பெரிதும் தானும் துய்க்காமல் பிறருக்கும் கொடுக்காமல் பூட்டி வைப்பவரையே சாடுகிறது. காட்டுபவரைவிடப் பதுக்குபவர்தான் அங்கே பெரிய குற்றவாளி. தமிழ் அறமரபு பகட்டை முற்றாக ஒதுக்கியது என்று பொதுவாகச் சொல்வதற்கு முன் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

இந்த விடையின் குறை வெளிப்படையானது. எது தகும், எது தகாது என்று அது சொல்கிறது. நூற்றாண்டுகளாகச் சொல்லியும் மனிதர்கள் ஏன் விடாமல் காட்டிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதை அது விளக்குவதில்லை.

வள்ளலின் விடை: கொடுத்துக் காட்டுதல்

தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடியின் பெயரைக் கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஆய் அண்டிரனோடு இணைத்துப் பேசுவது நெடுநாள் வழக்கு. பொதிய மலைப் பகுதியை ஆண்ட வேளிர் தலைவன் அவன். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் அவனைப் பாடிய புறநானூற்றுப் பாடல்களில் இரண்டு இந்தக் கேள்விக்கு நேராக வந்து நிற்கின்றன. 127ஆம் பாடலில் ஆயின் அரண்மனை பொலிவிழந்து கிடக்கிறது. யானைகளையெல்லாம் பாணர்கள் கொண்டுபோய்விட்டார்கள். பெண்களிடம் மிஞ்சியிருப்பது பிறருக்குக் கொடுக்க முடியாத அணி மட்டுமே. தாளித்த உணவைத் தாமே தின்று வயிறு நிரப்பும் பிற அரசர்களின் வளமான மாளிகைகள் இதற்கு ஈடாகாது என்கிறார் புலவர். வெறுமையே இங்கே செல்வத்தின் காட்சி. 134ஆம் பாடல், மறுமைப் பயனை எதிர்பார்த்துக் கொடுக்கும் வியாபாரி அல்லன் ஆய் என்று ஒரு படி மேலே போகிறது.

கொடை என்றால் விளம்பரம் இல்லாதது என்று பொருளல்ல. பரிசு பெற்றவர் பெறாதவரை வள்ளலிடம் அனுப்பி வைப்பதற்கென்றே ஆற்றுப்படை என்ற இலக்கிய வகை உருவானது. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் அவ்வகையின. அந்த விளம்பரத்தைச் செய்தவர் பயன் பெற்றவர் என்பதுதான் வேறுபாடு.

இந்த ஒழுங்கு பின்னாளிலும் தொடர்ந்தது. 15ஆம் நூற்றாண்டில் தென்காசியில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், இக்கோயிலைப் பின்னாளில் காப்பவர்களின் அடிபணிவதாகக் கல்வெட்டில் சொல்லி வைத்தான். தன் செயலைக் கல்லில் பொறித்துக் காட்டுவதும் அதே கல்லில் பணிவதும் அவனுக்கு முரணாகப்படவில்லை. இன்றும் கோயில் டியூப் லைட்டில் ‘உபயம்’ என்று எழுதி, பாதி வெளிச்சத்தைப் பெயரே மறைத்துக்கொண்டிருப்பதைக் கண்டு சிரிக்கிறோம். ஆனாலும் அதை யாரும் அழிப்பதில்லை. தாய்மாமன் சீரில் தட்டுகளை மேளத்தோடு வீதி வழியே கொண்டுபோவதும் ஊர் பார்ப்பதற்காகத்தான். மொய் நோட்டில் பெயர், ஊர், தொகை மூன்றும் எழுதப்படுகின்றன. பிரெஞ்சு மானுடவியலாளர் மார்செல் மோஸ் 1925இல் வெளியிட்ட ஆய்வில், கொடை என்பது திரும்பச் செலுத்த வேண்டிய கடமையை உருவாக்குகிறது என்று வாதிட்டார். மொய் நோட்டைப் புரட்டிப் பழக்கப்பட்டவருக்கு இது புதிய செய்தி அல்ல.

இந்த விடையையும் ஐயத்தோடுதான் ஏற்க வேண்டியிருக்கிறது. வள்ளல்களைப் பற்றி நமக்குச் சொல்பவர்களில் பெரும்பாலோர் பரிசு பெற்றவர்கள். யானைகள் எங்கிருந்து வந்தன, யார் உழைப்பில் வந்தன என்ற கேள்வி அப்பாடல்களில் அரிதாகவே எழுகிறது. சீரும் மொய்யும் பல குடும்பங்களைக் கடனில் தள்ளுகின்றன. கொடுத்துக் காட்டுவது மேலானது என்றாலும் அது செலவில்லாததும் அல்ல, வற்புறுத்தல் இல்லாததும் அல்ல.

பொருளியலின் விடை: அடையாளக் குறி

1899இல் பொருளியலாளர் தார்ஸ்டீன் வெப்லன் வெளியிட்ட நூல் கேள்வியை அறத்திலிருந்து பயனுக்குத் திருப்பியது. செல்வம் இருந்தால் மட்டும் மதிப்பு வராது, அது பிறர் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதனாலேயே வீண்செலவு பயனுள்ள செலவாகிறது என்றார் அவர். 1970களில் குறியுணர்த்தல் கோட்பாடு இதைக் கூர்மையாக்கியது. போலி செய்ய முடியாத அளவுக்குச் செலவு பிடிக்கும் குறியைத்தான் பிறர் நம்புவார்கள் என்பது அதன் சாரம்.

தமிழ்நாட்டில் இதற்குப் பொருத்தமான வரலாறு நகரத்தார் உடையது. பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் இத்தாலியப் பளிங்கும் கொண்டு 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் முற்பாதி வரை செட்டிநாட்டில் எழுந்த மாளிகைகளை வெறும் பகட்டு என்று தள்ளிவிட முடியாது. டேவிட் ரட்னர் 1994இல் வெளியிட்ட ஆய்வு, நகரத்தாரின் கோயில் திருப்பணிகளை அவர்களது வணிக நம்பகத்தோடு இணைத்துப் பார்த்தது. கடல் கடந்து கடன் கொடுத்து வாங்கும் சமூகத்தில், ‘இவர் வாக்குச் செல்லும்’ என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் சான்று தேவைப்பட்டது. கர்நாடகக் கிராமங்களை வைத்து பிளாக், ராவ், தேசாய் மூவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வும் இதற்கு நெருங்கியது: மாப்பிள்ளை வீட்டார் வெளியூர்க்காரர்களாக இருந்து அவர்களின் தகுதி ஊருக்குத் தெரியாதபோது, ‘நல்ல இடத்தில் கொடுத்திருக்கிறோம்’ என்பதை உணர்த்தும் வேலையைக் கல்யாணச் செலவு செய்கிறது.

இதில் ஒரு திருப்பம் உண்டு. அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்த சார்லஸ், ஹர்ஸ்ட், ரூசனோவ் ஆகியோர் 2009இல் கண்டது: ஒரே வருமானம் உள்ளவர்களில், சராசரி வருமானம் குறைந்த குழுவைச் சேர்ந்தவரே கார், உடை, நகை போன்ற கண்ணில் படும் பொருள்களுக்குக் கூடுதலாகச் செலவழிக்கிறார். ‘ஏழை’ என்று எடுத்த எடுப்பில் எடைபோடப்படும் ஆபத்து யாருக்கு உண்டோ அவருக்குத்தான் காட்ட வேண்டிய தேவை அதிகம். ஆகவே ரீல்ஸில் மிகுதியாகக் காட்டுபவரே மிகப் பெரிய பணக்காரர் என்று எண்ணிவிட முடியாது.

செல்பேசித் திரை இந்தக் கோட்பாட்டின் அடிப்படையையும் ஆட்டுகிறது. போலி செய்ய முடியாத குறியே நம்பப்படும் என்றால், ஒரு நாள் வாடகைக் காரும் நண்பனின் கடிகாரமும் வேலை செய்வது எப்படி? படம் எடுத்துக்கொள்வதற்கென்றே தனிவிமானத்தின் உட்புறத்தை வாடகைக்கு விடும் தொழில் மாஸ்கோவில் நடந்ததாக 2017இல் செய்திகள் வந்தன. குறி மலிந்த பிறகும் அது எப்படிச் செல்லுபடியாகிறது என்பதற்குக் கோட்பாட்டில் தெளிவான பதில் இல்லை.

ரசனையின் விடை: ஸ்டைலும் எளிமையும்

சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1979இல் வேறொரு கோணம் தந்தார். மேல்தட்டைப் பிரித்துக் காட்டுவதில் பொருளின் விலையைவிட அதைக் கையாளும் பழக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது அவர் வாதம். இந்தப் பார்வையில் கார் சாவியைக் காட்டுவது புதுப்பணக்காரனின் அடையாளம். பழைய பணம் அதைப் பார்த்து முகம் சுளிக்கும்.

தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்களிடையே ஆய்வு செய்த கான்ஸ்டன்டைன் நகாஸிஸ் 2016இல் வெளியிட்ட நூல் ‘ஸ்டைல்’ என்பதை மையமாகக் கொண்டது. மாணவர்கள் அணியும் பிராண்டு அசலா டூப்ளிகேட்டா என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சம்; தனித்துத் தெரிய வேண்டும், ஆனால் சோட்டாளிகள் ‘ஓவரா பண்ணாதே’ என்று சொல்லும் எல்லையையும் தாண்டக்கூடாது. கெத்துக்கும் பந்தாவுக்கும் இடையிலுள்ள கோட்டை வரைவது பார்ப்பவர்கள்தான்.

எளிமையும் ஒரு காட்சிதானா என்பது இங்கே எழும் துணைக்கேள்வி. ஜோஹோ நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019இல் தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறைக்குக் குடிவந்தார். வேட்டியும் சைக்கிளும் மின்சார ஆட்டோவுமாக அவர் வலம்வரும் படங்கள் சமூக ஊடகத்தில் வேகமாகப் பரவின. அது அவர் தேர்ந்த வாழ்க்கை முறை என்பதை ஐயுற வேண்டியதில்லை. ஆனால் வேட்டியும் சைக்கிளும் செய்தியாவது, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் செல்வம் எல்லோருக்கும் தெரிந்திருப்பதால்தான். சைக்கிளில் வேலைக்குப் போகும் கூலித் தொழிலாளியை யாரும் படமெடுப்பதில்லை.

ரசனைக் கோட்பாட்டின் பலவீனம் இதுவே. எதைச் செய்தாலும் அதை அந்தஸ்தின் குறியாகப் படித்துவிட முடியும் என்றால், எந்த உதாரணத்தாலும் அதைப் பொய்ப்பிக்க முடியாது.

யாருக்குக் காட்டும் உரிமை?

மேலே கண்ட விடைகள் எல்லாமே, எவரும் காட்டலாம் என்று ஓசையின்றி எடுத்துக்கொள்கின்றன. தென்தமிழக வரலாறு அப்படிச் சொல்லவில்லை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859இல்தான் அரசாணை வந்தது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். அவற்றில் சில: பொன், வெள்ளி நகை கூடாது, ஆண்கள் சட்டை அணியக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது, பெண்கள் பூச்சூடக்கூடாது. மானுடவியலாளர் ஜே. எச். ஹட்டன் இதைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டத்தில் பட்டியலினக் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதே காரணம் என்று குடும்பத்தினர் குற்றஞ்சாட்டினர்.

ஆகவே புதிய பைக்கின் மேல் சாய்ந்து எடுத்த ஒரே மாதிரியான இரண்டு படங்கள் ஒரே பொருளைத் தருவதில்லை. ஒன்று தலைமுறைச் சொத்தின் சோம்பேறித்தனமான அறிவிப்பாக இருக்கலாம். மற்றது பாட்டனுக்கு மறுக்கப்பட்டதைப் பேரன் எடுத்துக்கொள்வதாக இருக்கலாம். பகட்டை ஒட்டுமொத்தமாகக் கண்டிக்கும் அறவுரை இந்த வேறுபாட்டைக் காணத் தவறுகிறது. எல்லாப் பகட்டையும் விடுதலையாகக் கொண்டாடுவதும் அதே பிழையின் மறுபக்கம்.

தளத்தின் விடை: பகட்டே தொழில்

2020 ஜூன் 29இல் இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸை இங்கே கொண்டுவந்தது. தெரிந்தவர் பார்ப்பதற்காகப் போட்ட படம், தெரியாதவர்களிடம் தானாகப் போய்ச் சேரும் காணொளியாக மாறியது. பார்வைகள் கூடினால் விளம்பரம் வரும். விளம்பரம் வந்தால் அடுத்த பைக் வரும். கட்டணம் பெற்ற பதிவை விளம்பரம் என்று குறிப்பிட வேண்டும் என இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இல் விதி வகுத்தது, இது தொழிலாகிவிட்டது என்பதை ஒப்புக்கொண்டதே ஆகும். விலையுயர்ந்த பைக்குகளால் பெயர் பெற்ற யூடியூபர் டி.டி.எஃப். வாசன் 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளானார். அவரது ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்கு ரத்தானது. அவருக்குப் பைக் செல்வத்தின் அடையாளம் மட்டுமல்ல, வருமானத்தின் கருவியும்கூட.

ஆனால் விற்க எதுவும் இல்லாதவர்களை இந்த விடை விளக்குவதில்லை. உறவினர் மட்டுமே பார்க்கும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் புது நகையைப் போடுபவருக்கு எந்த விளம்பரமும் வரப்போவதில்லை. சென்னைக்கு அருகிலுள்ள ஒரு பகுதியை ஆராய்ந்து ஸ்ரீராம் வெங்கட்ராமன் 2017இல் வெளியிட்ட நூல், சமூக ஊடகம் உறவு, சாதி, வர்க்கம் என்னும் பழைய பிணைப்புகளை உடைப்பதைவிடத் தொடர்ந்து நடத்துவதே அதிகம் என்று காட்டியது. ஸ்டேட்டஸைப் பார்க்கும் சித்தியும் மைத்துனியும் கல்யாண வீட்டில் நகையைப் பார்த்தவர்கள்தான்.

ரீல்ஸுக்கு முன்னோடியாக டிஜிட்டல் பேனரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், அரசியல் பிரமுகர் வீட்டுத் திருமணத்துக்குச் சாலையில் வைத்த பேனர் விழுந்து, இருசக்கர வாகனத்தில் சென்ற 23 வயது மென்பொறியாளர் லாரியில் அடிபட்டு இறந்தார். அந்தக் காட்சிக்கான விலையை, அதோடு எந்தத் தொடர்பும் இல்லாத வழிப்போக்கர் கொடுத்தார்.

பார்ப்பவருக்கு என்ன ஆகிறது?

மனிதர் தம்மைப் பிறரோடு ஒப்பிட்டே அளந்துகொள்கிறார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் எழுதினார். பணத்தைப் பொறுத்தவரை இதற்குச் சில வலுவான சான்றுகள் இருக்கின்றன. நெதர்லாந்தின் அஞ்சல் குறியீட்டு லாட்டரியில் பரிசுப் பணத்தோடு பி.எம்.டபிள்யூ. காரும் கிடைக்கும், பரிசு விழாத பக்கத்து வீட்டாரும் கார் வாங்குவது கூடியதாக 2011இல் வெளியான ஆய்வு கண்டது. நார்வேயில் எல்லோருடைய வருமான விவரமும் 2001இல் இணையத்தில் எளிதாகக் கிடைக்கத் தொடங்கிய பின், பணக்காரருக்கும் ஏழைக்கும் இடையிலான மகிழ்ச்சி இடைவெளி 29 சதவீதம் விரிந்ததாக ரிக்கார்டோ பெரெஸ் ட்ருக்லியா 2020இல் எழுதினார். அங்கே யாரும் பீற்றிக்கொள்ளவில்லை. ஒப்பிடத் தகவல் கிடைத்ததே போதுமானதாக இருந்தது.

சமூக ஊடகத்தை விட்டால் நிம்மதி வருமா? அமெரிக்காவில் நான்கு வாரம் ஃபேஸ்புக்கை நிறுத்தச் செய்த சோதனையில் மனநிலை சற்றே மேம்பட்டது. பெரிய மாற்றம் இல்லை. மேலும் இவை பணக்கார நாடுகளின் ஆய்வுகள். ஆய்க்குடி போன்ற ஊரில் பார்ப்பவருக்குக் காட்டுபவரின் குடும்பக் கதையே தெரியும். ‘அது இ.எம்.ஐ. வண்டி’ என்று சொல்ல டீக்கடையில் ஆள் இருக்கும். அறிமுகமற்ற கூட்டத்துக்கு முன் செல்லும் பவுசு சொந்த ஊரில் எவ்வளவு தூரம் செல்லும் என்பது தனியாக ஆராய வேண்டியது.

அரசின் விடை

அரசுகள் பகட்டை இருவிதமாக அணுகியிருக்கின்றன. சீனா அதை ஒழுக்கப் பிரச்சினையாகக் கண்டது. 2011இல் ஓர் இளம்பெண் செஞ்சிலுவை அமைப்போடு தொடர்புடையவர் என்று சொல்லிக்கொண்டு சொகுசுக் காரையும் கைப்பைகளையும் காட்டியது, அந்த அமைப்புக்கு வரும் நன்கொடையையே பாதித்தது. 2024 மே மாதத்தில் பகட்டுக்குப் பேர்போன சில கணக்குகளைத் தளங்கள் முடக்கின. கணக்குகளை மூடினாலும் அவற்றுக்குப் பின்னால் இருக்கும் ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கிறது என்பது இந்த அணுகுமுறைக்கு எதிரான வாதம்.

மற்ற அணுகுமுறை, காட்சியைச் சான்றாக எடுத்துக்கொள்வது. இன்ஸ்டாகிராமில் சொகுசு வாழ்வைக் காட்டிவந்த நைஜீரியரான ஹஷ்பப்பி 2020இல் துபாயில் கைதானார். மோசடிப் பணத்தை வெள்ளையாக்கிய குற்றத்துக்கு 2022இல் அமெரிக்க நீதிமன்றம் 11 ஆண்டுகளுக்கு மேல் சிறை விதித்தது. தமிழ்நாட்டில் இதற்கு முன்மாதிரி சமூக ஊடகத்துக்கும் முந்தையது. 1995 செப்டம்பர் 7 அன்று சென்னையில் நடந்த, ஜெயலலிதாவின் வளர்ப்பு மகன் சுதாகரனின் திருமணத்தை நாடே பார்த்தது. பின்னர் சொத்துக் குவிப்பு வழக்கில் அந்தத் திருமணச் செலவு நீதிமன்றத்தின் கணக்குக்குள் வந்தது. 2014இல் விசாரணை நீதிமன்றம் வழங்கிய தண்டனையை உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் உறுதி செய்தது. இப்போது வருமான வரிச் சட்டம் 2025, சோதனையின்போது சமூக ஊடகக் கணக்கு உள்ளிட்ட மெய்நிகர் வெளிகளையும் பார்வையிட அதிகாரம் தருகிறது. வரி ஏய்ப்புக்கு எதிராக இது பயன்படலாம். தனியுரிமைக்கு எந்த அளவு இடம் விடும் என்பது நடைமுறையில்தான் தெரியும்.

எஞ்சி நிற்பவை

இந்த விடைகள் ஒன்றையொன்று முழுதாக மறுப்பதில்லை. செல்வத்தைக் காட்டுவது புதிய நோய் அல்ல என்பதும், காட்டுபவர் எல்லோரும் பெரும் பணக்காரர் அல்லர் என்பதும், காட்டும் உரிமை எல்லோருக்கும் சமமாக இருந்ததில்லை என்பதும் ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை. பார்ப்பவரின் மனத்தைப் பாதிக்கிறது என்பதற்கும் சான்று உண்டு. எவ்வளவு, யாரை என்பதில்தான் கருத்து வேறுபாடு.

வீண்பெருமையா உரிமையா என்று கேட்பதைவிட, ஒரு காட்சிக்கு யார் விலை தருகிறார், யாருக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்பது கூடுதல் தெளிவு தரும் எனத் தோன்றுகிறது. சீர்வரிசையில் பெறுபவர் ஒருவர் உண்டு. திருப்பணியில் ஊர் உண்டு. செட்டிநாட்டு மாளிகையில் கடன் கொடுப்பவருக்கு ஒரு தகவலாவது உண்டு. ரீல்ஸில் பார்ப்பவர் தன் நேரத்தைக் கொடுக்கிறார். அதைத் தளம் விளம்பரதாரரிடம் விற்கிறது. காட்டுபவருக்கு ஒரு பங்கு வரலாம். பார்த்தவர் கையில் எதுவும் சேர்வதில்லை. பழைய காட்சியிலிருந்து புதியது பிரியும் இடம் இதுவாக இருக்கலாம்.

இந்த அளவுகோலுக்கும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. தெருவோர முதியவருக்குப் பணக்கட்டு கொடுத்து, அவர் கண்ணீர் விடுவதைப் படமெடுத்துப் போடும் காணொளிகளில் பெறுபவர் உண்மையாகவே பெறுகிறார். பதிலுக்குத் தன் முகத்தையும் வறுமையையும் லட்சம் பேருக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. அது ஆயின் கொடையா, முடமோசியார் மறுத்த வியாபாரமா? ஆயிடம் யானை பெற்றவர் தம் சொல்லில், தாம் விரும்பியபடி பாடினார். காணொளியில் பெறுபவருக்கு அந்த இடம் இல்லை. அவருக்கு உதவியை ஏற்று, படத்தை மறுக்கும் வாய்ப்பு எந்த அளவு இருக்கிறது என்பதை ஆராய்ந்தால்தான் இக்கேள்வி அடுத்த கட்டத்துக்கு நகரும்.